தோட்டமே வீட்டுப்பெயர்: ரிவர்ஸ்டன் சாரலில் மூதாதையரைத் தேடும் வழி

மாத்தளையிலிருந்து இரத்தோட்டையைத் தாண்டி இலுக்கும்புரைக்கு ஏறும் வீதி நக்கிள்ஸ் தொடரைக் கடக்கும் உச்சிப் பகுதிதான் ரிவர்ஸ்டன். தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் அந்த மேட்டில் காற்று ஓய்வதே அரிது. மரங்கள்கூட உயராமல் குறுகி நிற்கின்றன. மேற்கே இறங்கினால் இரத்தோட்டை, கம்மடுவ என்று தோட்டப் பகுதி: முதலில் கோப்பி, பிறகு தேயிலை, காட்டு நிழலில் ஏலம். கிழக்கே இறங்கினால் லக்கலையின் பழைய சிங்களக் கிராமங்கள். இந்த இரு பக்கத்து மனிதருக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாடு அவர்களுடைய பெயரிலேயே இருக்கிறது. கண்டிச் சிங்களக் குடும்பப் பெயர்கள் பலவற்றில் ‘கெதர’ என்ற சொல், அதாவது வீடு, ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ன வீட்டுக்காரர் என்று பெயரே சொல்லிவிடும். அப்பனுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் அது மாறாது. தோட்டப் பக்கத்திலோ ராமசாமியின் மகன் கருப்பையா, கருப்பையாவின் மகன் மாரிமுத்து. ஒவ்வொரு தலைமுறைக்கும் முதலெழுத்து மாறும். மூன்றாவது தலைமுறையில் முதலாமவரின் பெயர் கடதாசியிலிருந்து நழுவிவிடும். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் ஒருவர் தன் பூட்டனைத் தேடப் புறப்பட்டால் முதலில் கால் இடறுவது இங்கேதான். இடறியவர்களில் பலர், எங்கள் ஆட்களுக்குப் பதிவே கிடையாது என்று சொல்லித் தேடலை விட்டுவிடுகிறார்கள். அந்த முடிவு சரியில்லை என்பதே என் வாதம். பதிவு இருக்கிறது. பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கிடைக்காது, தோட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கிடைக்கும். போகும் வழியெல்லாம், இந்தப் பெயரை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்டுக்கொண்டே போகவும் வேண்டும்.

பதிவேடுகளை வைத்து வம்சம் தேடுவதில் உலகம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் நாடுகளில் போலந்து ஒன்று. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியபின், கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் புத்தகத்தில் ஏறத் தொடங்கின. நிலத்தோடு கட்டுண்டிருந்த குடியானவனும் அந்த லத்தீன் ஏடுகளில் பெயரோடு இருக்கிறான். ‘உழைப்பாளி’ என்று பொருள்படும் ‘லபோரியோசுஸ்’ என்ற அடைமொழி அவனுக்குரியது. 1808இல் நெப்போலியனின் சட்டம் வார்சா பகுதிக்கு வந்தபோது குடியியல் பதிவும் வந்தது. அந்தப் பதிவு ஒரு சிறு கதைபோல எழுதப்பட்டது: இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன வயதுடைய இன்னார் இரண்டு சாட்சிகளோடு எம்முன் வந்து, இன்ன வயதுடைய தன் மனைவியிடம் பிறந்த குழந்தையைக் காட்டினார் என்று போகும் அது. தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். நாட்டை மூன்று பேரரசுகள் பங்கிட்டிருந்ததால் ஏட்டின் மொழி மாறிக்கொண்டே இருந்தது. ருசிய ஆட்சிப் பகுதியில் 1868 வரை போலிஷ், பிறகு ருசியம். ஆஸ்திரியப் பகுதியில் லத்தீன். பிரஷ்யப் பகுதியில் 1874 முதல் ஜெர்மன் குடியியல் பதிவு. ஆகவே போலந்தில் தேடுபவர் பல மொழிகளையும் எழுத்துகளையும் கடக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அங்கேயும் குடும்பப்பெயர் மட்டும் போதாது. கோவால்ஸ்கி, அதாவது கொல்லன் வழிவந்தவன், என்ற பெயர் நாடெங்கும் நிறைந்து கிடக்கிறது. எந்தப் பங்கு, எந்தக் கிராமம் என்று தெரியாதவருக்கு எந்த ஏடும் திறக்காது. சிகாகோவில் பிறந்த பேரன் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது தாத்தாவின் ஊரைத்தான். போலந்தின் அனுபவத்தில் நமக்கு உதவும் பாடம் இது: பதிவின் சாவி இடத்தில் இருக்கிறது.

ஏடுகளை வைத்து வம்சம் தேடும் முறை இலங்கைக்கும் புதிதில்லை. ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகளான தோம்புகளும், ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர்க் குடும்பங்களைப் பதிந்த பாடசாலைத் தோம்புகளும், கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்தின் ஏடுகளும் இந்த நாட்டின் பழைய குடும்பப் பதிவுகள். 1908இல் தொடங்கிய இலங்கை ஒல்லாந்த பறங்கியர் ஒன்றியம் தன் சஞ்சிகையில் பறங்கிக் குடும்பங்களின் வம்சவரிசைகளை வரிசையாக வெளியிட்டது. அதன் முன்னோடி ஆர். ஜி. அந்தோனிஸ் அரசாங்கச் சுவடிக்காப்பாளராக இருந்தவர். மாத்தளை மாவட்டத்திலேயே, கலேவலைக்கு அருகில் உள்ள வாகக்கோட்டையில், கண்டி அரசர் காலத்தில் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்தோர் என்று தம்மைச் சொல்லும் கத்தோலிக்கச் சிங்களக் குடும்பங்கள் உண்டு. 1913இல் பென்றி லூவிஸ் இலங்கையிலுள்ள ஐரோப்பியக் கல்லறை வாசகங்களைத் திரட்டிப் பெரிய நூலாகவே வெளியிட்டார். மலைநாட்டில் காய்ச்சலில் செத்த தோட்டத்துரைமாரின் பெயரும் வயதும் அதில் அச்சேறின. பெர்குசன் டிரெக்டரி தோட்டம் தோட்டமாக ஏக்கர் கணக்கையும் சொந்தக்காரரையும் துரையையும் அச்சிட்டுக்கொண்டே வந்தது. ஒரே மலை, ஒரே ஆண்டு, ஒரே தோட்டம்: துரையின் பெயர் அச்சில் இருக்கிறது, அவருக்குக் கீழே கொழுந்து பறித்த நூற்றுக்கணக்கானவர் அங்கே இல்லை. மலையகத்தாருக்குப் பதிவே இல்லை என்ற எண்ணம் பிறப்பது இந்த ஒப்பீட்டில்தான். ஆனால் அச்சில் இல்லாதது ஏட்டிலும் இல்லை என்று ஆகிவிடாது.

தேவாலய ஏட்டிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் அது தோட்டத்துக்குள்ளும் வந்தது. 1854இல் அங்கிலிக்கன் சபையின் தமிழ்க் கூலி மிஷன் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் வேலையைத் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள், ஊர்ப்பெயரைக் காதால் பிரித்தறியக்கூடியவர்கள். கத்தோலிக்கர் பக்கம் சில்வெஸ்திரிய ஆசீர்வாதப்பர் சபைக் குருமார் மலைநாட்டைக் கவனித்தார்கள். 1883இல் கண்டி தனி அப்போஸ்தலிக்க விகாரியமாகி, 1886இல் கிளமென்ட் பக்னானியின் தலைமையில் மறைமாவட்டமானது. கிறிஸ்தவத் தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு இந்த ஏடுகள் பெரும் புதையல். ஒரு ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரோடு ஞானப்பெற்றோரும் இருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் உறவினர் அல்லது ஊர்க்காரர். ஆகவே அந்த ஒரு வரியில் ஒரு சுற்றமே தெரியும். வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்றவருக்குக் கோயில் ஏட்டில் ஒரு பெயரும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பழைய பெயரும் இருந்ததை மட்டும் தேடுபவர் மறக்கக் கூடாது. எனினும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கணக்கு இருக்கும், பிறப்புக் கணக்கு இருக்காது. போலந்தின் முறையை அப்படியே தூக்கிவந்து மலையகத்தில் வைக்க முடியாது என்று சொல்பவர்கள் இந்த அளவில் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் குடியியல் பதிவு? இலங்கையில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1867இல் ஒழுங்கான முறையாகத் தொடங்கியது; பிறப்பும் இறப்பும் கட்டாயமாகப் பதியப்பட வேண்டும் என்ற நிலை 1897இல்தான் வந்தது. தோட்டத்துக்குச் சட்டம் தனி வழி வைத்தது. இன்றும் நடைமுறையிலுள்ள 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமும் தோட்டத்தில் நடக்கும் பிறப்பு, இறப்புகளைப் பதிவுக்கு அறிவிக்கும் கடமையைத் தோட்ட அத்தியட்சகரிடமே வைத்திருக்கிறது. போலந்திலும் இதற்கு ஒரு நிகர் உண்டு. 1808 முதல் 1825 வரை அங்கே கத்தோலிக்கப் பங்குக்குருவே அரசாங்கப் பதிவாளர். யூதரின் பிறப்பும் இறப்பும்கூட அவருடைய ஏட்டில்தான் ஏறின. வேற்று மதத்தவர் பேனா பிடித்தாலும் யூதரின் பெயர் ஒரு தந்தையின் மகனாக, ஒரு வீட்டின் பிள்ளையாக எழுதப்பட்டது. மாத்தளைத் தோட்டத்தில் பேனா முதலாளியின் அலுவலகத்தில் இருந்தது. பிரசவம் லயத்தில் நடக்கும். மருத்துவிச்சி, ஆட்களைச் சேர்த்து மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்வாள். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதித் துரையின் கையெழுத்துக்கு வைப்பார். மூக்காயி என்ற பெயர் இத்தனை வாய் கடந்து ஆங்கில எழுத்துக்குள் நுழையும்போது அதற்கு என்ன ஆகும் என்பதை யாரும் ஊகிக்கலாம். ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே எழுத்தாகும். லெட்சுமி நான்கு விதமாக எழுதப்படுவாள். சிங்களம் ஆட்சிமொழியான 1956க்குப் பிறகு மாத்தளை போன்ற மாவட்டங்களில் பதிவு மெல்லச் சிங்களத்துக்கு மாறியபோது அதே பெயர் இன்னொரு முறை உருமாறியது. ஒரு குடும்பத்தில் பாட்டன் ஆங்கிலத்தில், அப்பா சிங்களத்தில், மகள் தமிழில் என்று மூன்று தலைமுறை மூன்று எழுத்தில் இருப்பது மலையகத்தில் சாதாரணம். போலந்துக் கிராமத்தவர் லத்தீனையும் ருசியத்தையும் கடப்பதுபோல் இதையும் கடக்கலாம். ஆனால் எழுத்துக்கூட்டலை நம்பித் தேடுபவர் கடக்க மாட்டார்.

உழைப்புக்காக எழுதப்பட்ட ஏடுகள்தான் இந்த மக்களின் பெயரை அதிகமாகத் தாங்கியவை. அதற்குச் சாட்சியாகத் தோட்டப் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது. மலையகத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். இன்றைக்குப் பேர் விழுந்தது என்றால் செக்ரோல் என்ற வரவேட்டில் அன்றைய நாளுக்குக் கணக்கு ஏறியது என்று பொருள். எடை குறைந்தால் அரைப்பேர். மனிதரின் பெயரும் அவருடைய நாட்கூலியும் ஒரே சொல்லாகிப்போன இடம் அது, ஏனெனில் துரையின் அலுவலகத்தில் ஒருவருடைய பெயர் எழுதப்பட்டது அவர் வேலைக்கு வந்தாரா என்று பார்ப்பதற்குத்தான். செக்ரோலுக்கு முன்னால் கங்காணியின் ஆட்கணக்கு இருந்தது. கடனைத் தீர்த்து ஆளை இன்னொரு தோட்டத்துக்கு விடும் ‘துண்டு’ இருந்தது, அது 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூற்றாண்டுத் திருப்பத்தில் தென்னிந்தியாவின் தட்டப்பாறை முகாம் வழியாக வந்தவர்கள் தோட்டத்துக்குரிய எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் தொங்கவிட்டு வந்தார்கள். பிறகு மண்டபம் முகாம் வந்தது. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் தொடங்கியது. 1923இல் குடியேறிய இந்தியத் தொழிலாளருக்கென்று தனிக் கட்டுப்பாட்டாளரும், கண்டியில் இந்திய அரசின் முகவரும் வந்தார்கள். 1939இல் இந்தியா தொழிலாளர் புறப்பாட்டைத் தடை செய்தது. இந்த ஒவ்வொரு படியிலும் கடதாசி பெருகியது. ஆனால் முதல் அரைநூற்றாண்டில், 1820களிலிருந்து கோப்பிக் காலம் முழுவதும், மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தவர்களின் பெயர்கள் மிக அரிது. 1840களில் எழுபதாயிரம் பேர் மாண்டனர் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்தத் தொகையை ஏற்பவரும் மறுப்பவரும் இன்றும் உண்டு. ஒருவரின் பெயர்கூடத் தனியாக எழுதப்படாததால்தான் அந்த வாதம் முடியாமல் இருக்கிறது. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து வந்தபோது நினைவுகூர்ந்தது அந்தப் பெயரில்லாதவர்களைத்தான்.

இவ்வளவு குறைந்த பதிவோடு இருந்த மக்களிடம், 1948இல் அரசு வம்சக் கணக்குக் கேட்டது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமானால் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1948இல் முப்பது வயதான ஒருவர் 1918இல் பிறந்தவர். அவருடைய தகப்பன் 1890 வாக்கில் பிறந்திருப்பார். பிறப்புப் பதிவு கட்டாயமானது 1897இல். பாட்டனும் பூட்டனும் என்றால் 1860க்கும் 1830களுக்கும் போக வேண்டும். அரசாங்கத்தின் ஒழுங்கான பதிவே 1867இல்தான் தொடங்கியது. அரசு தன்னிடமே இல்லாத கடதாசியைக் கூலித் தொழிலாளியிடம் கேட்டது. இதில் இன்னொரு முள்ளும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். ஊருக்கும் தோட்டத்துக்கும் போக்குவரத்து இருந்த காலத்தில் ஊரில் பிறந்து கைக்குழந்தையாகத் திரும்பி வந்த பிள்ளைகள் எத்தனையோ. வாழ்நாள் முழுவதும் மாத்தளையில் உழைத்தவர், அந்த ஒரு பிரசவத்தால் சட்டத்தின் கண்ணில் வெளியூரில் பிறந்தவரானார். கிழக்குச் சரிவின் கிராமத்தவரிடம் யாரும் இந்தச் சான்றைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேரிடம் 1830களின் பிறப்புச் சான்று இருந்திருக்கும்? பதிவின்மை இரு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது. அதற்கான தண்டனை மட்டும் ஒரு பக்கத்துக்கு விழுந்தது.

ஆனால் மறுப்பதற்காக எழுந்த அந்த ஏற்பாடே மலையகத் தமிழரின் மிகப் பெரிய குடும்பப் பதிவையும் உண்டாக்கியது. தேடுபவர்கள் போதிய அளவு கவனிக்காதது இதைத்தான். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது நாட்டில் வசித்ததைக் காட்ட வேண்டும் என்றது. 1951 ஆகஸ்ட் 5க்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கோப்பு: விண்ணப்பதாரர், மனைவி, பிள்ளைகள், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற வரிசை, அதற்குச் செக்ரோலின் சாட்சி. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று, 1974இல் அந்த மீதியும் பாதி பாதியானது. மறுபடி விண்ணப்பம், மறுபடி குடும்பப் பட்டியல், இந்தியக் கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை. 1988, 2003 சட்டங்களோடுதான் நாடற்றவர் என்ற நிலை ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. போலந்துப் பங்குக்குரு நூற்றாண்டுகளாகச் செய்த வேலையை இந்த விண்ணப்பங்கள் சில ஆண்டுகளில் ஒரே வீச்சில் செய்துவிட்டன, மிகக் கொடிய காரணத்துக்காக. கணவன், மனைவி, பிள்ளை, தோட்டம், ஆண்டு என்று உறவையும் இடத்தையும் சேர்த்து எழுதிய முதல் பெரிய பதிவு அதுவே. ஆகவே பூட்டனைத் தேடுபவர் 1830களில் தொடங்கக் கூடாது. 1950களின் கோப்பில் தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடம் இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. நெடுங்காலம் வழங்கப்பட்டுவந்த இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், தாய் தகப்பன் விபரத்துக்கும் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்கும் அடுத்து ஒரு கூடு வரும்: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதற்கும் அடுத்த கூடு: தகப்பனார் இலங்கையில் பிறக்காது பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், ஆண்டு, இடம். குழந்தையின் பிறப்பைப் பதிவதற்கு இந்த இரண்டு கூடும் எதற்கு என்று கேட்டால், விடை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் இதே படிவம்தான் என்றாலும், மலையகக் குழந்தையின் பத்திரத்தில்தான் அந்தக் கூடுகள் கனத்தன. கோடு இழுத்து விட்ட பத்திரங்கள் உண்டு. ஒரு பெயரும் ஒரு தோட்டமும் எழுதியவையும் உண்டு. எழுதியிருந்தால் அது பேரப்பிள்ளைக்குக் கிடைத்த வரம்: ஒரே தாளில் மூன்று தலைமுறை. கோடு இழுத்திருந்தாலும் பாட்டன் இங்கே பிறக்கவில்லை என்று அதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. அறிவித்தவருக்குத் தெரியவில்லை, அல்லது சான்று கையில் இல்லை என்றும் இருக்கலாம். விவாகக் கேள்விக்கு ‘இல்லை’ என்று இருப்பதும் அப்படித்தான். கோயிலில் தாலி கட்டி ஊர்கூட்டி நடந்த கல்யாணம் பதியப்படாமல் இருந்திருக்கும். அந்தச் சொல்லை வைத்து அந்தத் தம்பதியின் வாழ்க்கையை எடைபோடுவது பிழை.

இனி இடத்துக்கு வருவோம், ஏனெனில் முறை முழுவதும் அதில்தான் நிற்கிறது. தோட்டத்துக்கு இரண்டு பெயர் உண்டு. பதிவேட்டில் துரை வைத்த ஆங்கிலப் பெயர். லயத்தில் மக்கள் வைத்த தமிழ்ப் பெயர். இரண்டுக்கும் ஓசையில்கூட ஒற்றுமை இல்லாத தோட்டங்கள் பல. பாட்டி சொல்லும் தோட்டத்தைப் பதிவேட்டில் தேடி, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று திரும்புவது இதனால்தான். தோட்டத்துக்குள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்றும் உண்டு. காலத்துக்குக் காலம் தோட்டங்கள் இணைந்தன, பிரிந்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் மீண்டும் கைமாறியது. கைமாறும்போதெல்லாம் அலுவலக அலுமாரியும் கைமாறியது. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் லயங்களும் கடைகளும் எரிந்தபோது மக்கள் கையில் வைத்திருந்த கடதாசியும் எரிந்தது. எனவே தேடுபவர் முதலில் செய்ய வேண்டியது, குடும்பம் இருந்த தோட்டங்களை ஆண்டு வரிசையில் எழுதி, ஒவ்வொன்றின் இரண்டு பெயரையும் பிரிவையும் பதிவுப் பிரிவையும் சேர்த்துக்கொள்வது. அதன்பின் பதிவாளர் அலுவலகம், தோட்டப் பாடசாலையின் சேர்விடாப்பு, தேசிய சுவடிகள் திணைக்களம் என்று போனால் ராமசாமி எத்தனை விதமாக எழுதப்பட்டிருந்தாலும் பிடிபடுவார். அந்த ஆண்டில் அந்தப் பிரிவில் கருப்பாயியின் கணவனாக இருந்த ராமசாமி ஒருவர்தான் இருக்க முடியும். கண்டிக் கிராமத்தவருக்குக் ‘கெதர’ செய்யும் வேலையை மலையகத் தமிழருக்குத் தோட்டம் செய்கிறது.

கடலைத் தாண்டிய பாதிக்கும் ஓர் இடச்சாவி இருக்கிறது, அதை நம் மொழியே காட்டுகிறது. கத்தோலிக்கர் தம் குருவின் ஆளுகைப் பகுதியைப் பங்கு என்கிறார்கள். ஒரு வம்சத்தின் ஆண்வழி உறவைத் தமிழர் எல்லோரும் பங்காளி என்கிறோம். பங்காளிகள் கூடும் இடம் குலதெய்வக் கோயில். அது ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வயல்வரப்பில் அசையாமல் நிற்கும். முசிறி, துறையூர், நாமக்கல், பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஊர்ப்பெயரை மறந்திருக்கலாம். ரிவர்ஸ்டன் சாரலில் ஒரு கல்லை நட்டு அதே தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாம். அந்தத் தெய்வத்தின் பெயர், படையல் முறை, காவல் தெய்வங்களின் வரிசை ஆகியவை ஊரைக் கண்டுபிடிக்கும் தடயங்கள். 1964க்குப் பின் போனவர்கள் இன்னொரு பாலம். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக உருவான அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் பெரியப்பா வீட்டுக் குடும்ப அட்டையில், மாத்தளையில் தொலைந்த விபரம் எழுதப்பட்டிருக்கக்கூடும்.

இந்த முறைக்கு எதிராக மூன்று ஆட்சேபங்கள் வரும். வாய்மொழி நினைவு இருக்க, அடக்கியவன் எழுதிய கடதாசியை ஏன் நம்ப வேண்டும் என்பது முதலாவது. நம்ப வேண்டாம், கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும். வாய்மொழி ஊரையும் தெய்வத்தையும் நடந்த துயரத்தையும் காக்கிறது, ஆண்டைக் காப்பதில்லை. கடதாசி ஆண்டையும் தோட்டத்தையும் காக்கிறது, காரணத்தைக் காப்பதில்லை. ஒன்றின் பிழையை மற்றது திருத்தும். வயது உத்தேசமாக எழுதப்பட்ட மக்களிடையே இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவரை இன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவது, மற்ற இரண்டையும் விட எனக்குக் கனமாகப்படுவது: சாதி. கங்காணி ஆள் சேர்த்தது உறவாகவும் சாதியாகவும். லயம் பிரிந்ததும் அப்படியே. வம்சம் தேடப் போனால் அதையும் தோண்டி எடுக்க வேண்டி வராதா? வரும். மறைக்க முடியாது. ஆனால் தன் குடும்பம் எந்தக் கட்டாயத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியது என்பதன் பெரும் பகுதி அந்த விபரத்தில்தான் இருக்கிறது. பஞ்சமும் கடனும் தீண்டாமையும் சேர்ந்து துரத்திய பயணம் அது. அந்த உண்மையைத் தெரிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை. அதை ஊருக்கு அறிவிப்பதா இல்லையா என்பதும் அந்தக் குடும்பமே முடிவு செய்ய வேண்டியது. ஆகவே பிறருடைய சாதி விபரத்தைத் தேடலின் பெயரால் வெளியிடுவதை நான் ஏற்கவில்லை. மூன்றாவது ஆட்சேபம் அரசியல் வழியாக வருகிறது: இரண்டு நூற்றாண்டு இங்கே வாழ்ந்தபின் இந்திய வேரைத் தேடுவது, ‘இந்தியத் தமிழர்’ என்று எங்களை வெளியே நிறுத்தியவர்களுக்கு உதவாதா என்று. தேடிப் பார்த்தவருக்குத் தெரியும், இந்தத் தடம் ஊரில் ஒரு கிராமத்தோடு முடிவதைவிட மாத்தளையில் ஆறு தோட்டங்களோடு நீள்வதே அதிகம். பிறந்த பிரிவு, படித்த பாடசாலை, புதைத்த இடம் எல்லாம் இங்கேதான். 1948இல் காட்ட முடியாமல் போன சான்றை, வெகு காலம் கழிந்தாலும், ஒரு குடும்பம் தானே திரட்டி வைப்பது அது.

ரிவர்ஸ்டனில் இந்தத் தேடலுக்குச் சிறப்பான ஓர் அவசரம் இருக்கிறது. இங்கே இடமே மறைந்துகொண்டிருக்கிறது. காட்டு நிழலில் ஏலம் வளர்த்த தோட்டங்கள் நக்கிள்ஸ் வனத்தைக் காக்கும் முயற்சியில் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. 2000இல் அது பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காடு காக்கப்பட்டது நல்லதே. ஏலம் உலர்த்திய ஸ்டோர்களும் ஆட்கள் இருந்த லயங்களும் அதோடு பாசி ஏறிச் சரிந்தன. அங்கே பிறந்தவரின் பத்திரத்தில் பிறந்த இடம் என்று எழுதியிருக்கும் பெயருக்கு இன்று தரையில் அடையாளம் இல்லை. போலந்தில் நூறு ஆண்டு கடந்த பிறப்பேடுகளும் எண்பது ஆண்டு கடந்த திருமண, இறப்பு ஏடுகளும் அரசுச் சுவடியகத்துக்குப் போய் எவருக்கும் திறந்துவிடப்படுகின்றன. நமது பிரசாவுரிமைக் கோப்புகளும் அப்படி ஒழுங்காகக் காக்கப்பட்டு, சந்ததியினர் தங்கள் குடும்பத்தின் தாளைக் கேட்டுப் பெறக்கூடியதாக வேண்டும். ஆனால் கோப்பு திறந்தாலும் அதிலுள்ள ஆங்கிலத் தோட்டப் பெயருக்கு லயத்துத் தமிழ்ப் பெயர் எது, மேற்பிரிவில் எந்தக் கங்காணியின் ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும். 1951இல் தகப்பனின் விண்ணப்பத்தில் பத்து வயதுப் பிள்ளையாகப் பெயர் ஏறியவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. இரத்தோட்டைப் பக்கத்து லயம் ஒன்றில் அவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தால், முதலில் அவரிடம் கேட்க வேண்டியது பூட்டனின் பெயரை அல்ல. சிறு வயதில் ஏலக்காட்டுக்கு எந்தப் பாதையால் நடந்தார்கள், அந்தத் தோட்டத்தை அப்போது என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை.